போனஸ் பணமும் போலோவும்

தீபாவளி போனஸ் அக்கவுன்டில் விழுந்த அன்று மாலையே கணவர் முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வருடம் ஃபிரிட்ஜ் மாற்றுவது இல்லை, சோபாவும் இல்லை. 90,000 ரூபாயும் வண்டிக்குத்தான்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2021 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். சின்ன வண்டிதான். ஆனால் 999 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினில் டர்போ வைத்து 110 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிற வண்டி. ரோட்டில் இதன் டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் ஹெட்லைட் அடித்துச் சிரித்துக்கொள்வார்கள். 2022ல் இந்தியாவில் தயாரிப்பே நின்றுபோனதால், இருக்கிறவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

கணவர் எழுதிவைத்திருந்த லிஸ்ட்டில் ஐந்து அயிட்டங்கள். ஸ்டேஜ் 1 ரீமேப், கழுவிக் கழுவிப் போடுகிற ஏர் ஃபில்டர், சத்தமான எக்ஸாஸ்ட், வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங், 205 டயர். லிஸ்ட்டைப் படித்த மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏனுங்க, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் இந்த வண்டிய ஓட்டறது யாரு?”

நியாயமான கேள்வி. மனைவி பொள்ளாச்சியில் பள்ளி ஆசிரியை. தினமும் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். கணவர் பைக்கில் கம்பெனிக்குப் போய்விடுவார். அவருக்கு வண்டி கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப் போகாத ஞாயிறுகளில். இந்த உண்மை அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ‘என் வண்டி’ என்று சொல்லிச் சொல்லி மறந்துபோயிருந்தது.

மனைவி இன்னொன்றும் சொன்னார். போன ஐப்பசியில் கிணத்துக்கடவு தாண்டி மழையில் போய்க்கொண்டிருந்தபோது, ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் ஏறியதும் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிப்போனதாம். கையில் பிடித்திருப்பது வண்டியின் ஸ்டீயரிங்தானா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. இரண்டு விநாடிதான். அதற்குள் வண்டி பக்கத்து லேனுக்குப் போய் வந்துவிட்டது. அந்த லேனில் யாரும் வரவில்லை. அன்று வீட்டில் சொன்னால் ஓட்ட வேண்டாம் என்பார்களோ என்று சொல்லாமல் விட்டாராம். ஒரு வருடம் கழித்து இப்போது சொன்னார்.

கணவர் அன்று இரவு லிஸ்ட்டைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை இருவருமாக கணபதியில் இருக்கிற மெக்கானிக்கிடம் போனார்கள். அறுபது வயதுக்காரர். இளமையில் ராலி டீம்களோடு ஊர் ஊராகச் சுற்றியவர். கோவையில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதனின் ஊர் அல்லவா? செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே ரேஸ் டிராக் இருக்கிறது. ஊருக்குள் வேகத்துக்கு மரியாதை உண்டு. வேகத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் அதிக மரியாதை.

மெக்கானிக் லிஸ்ட்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக டயரிடம் போய் உட்கார்ந்தார்.

“தம்பி, இதப் படிங்க.”

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 0821. 2021ஆம் வருடத்தின் எட்டாவது வாரம் தயாரான டயர் என்று அர்த்தம். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். வண்டி வாங்கிய அன்றிலிருந்து அதே டயர். ஓடியது 62,000 கிலோமீட்டர்.

“பட்டன் இன்னும் இருக்குதே?” என்றார் கணவர்.

பட்டன் இருந்தது. டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடாக ஒரு தேய்மானக் குறி இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சமிருப்பது 1.6 மில்லிமீட்டர்தான், உடனே மாற்றியாக வேண்டும். இந்த டயர்கள் அந்தக் குறிக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் போல இருந்தன. சட்டப்படி தப்பில்லை. ஆனால் மழைநீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நுழைந்துவிடும். டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீயரிங் லேசாகிப்போவது அப்போதுதான். கூடவே, வயதானால் ரப்பர் இறுகும். நகத்தால் அழுத்திப் பார்த்தார் மெக்கானிக், பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

“110 குதிரையே இந்தக் காலுல நிக்க மாட்டேங்குது. 140 எதுக்குங்க?”

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் வண்டிக்குப் பவர் கூட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது டயர் விஷயத்தில்தான். இன்ஜின் எவ்வளவு துடித்தாலும், பிரேக் எவ்வளவு பிடித்தாலும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும், எல்லாம் ரோட்டுக்குப் போய்ச் சேருவது உள்ளங்கை அகலத்தில் ரோட்டைத் தொடுகிற நான்கு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான். நல்ல டயர் ஒன்றை மாற்றினால் வேகமெடுப்பது, நிற்பது, வளைவது மூன்றும் ஒரே நாளில் மேம்படும். வேறு எந்த பாகத்துக்கும் இந்த குணம் கிடையாது.

சரி, எந்த சைஸ்? வண்டியோடு வந்தது 185/60 ஆர்15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் 603 மில்லிமீட்டர் வரும். 195/55 போட்டால் 595.5. ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். ஸ்பீடாமீட்டர் ஒரு நூலிழை அதிகமாகக் காட்டும், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி நாலு மில்லிமீட்டர் போகும். கணவர் கேட்ட 205/55ல் 606.5 வரும், உயரம் பொருந்திவிடும். பிறகென்ன?

பிறகு இதுதான்: அகலமான டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். அதே எடை அகலமான பரப்பில் பரவுவதால் தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழே இறங்க டயருக்குச் சிரமம். ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். பழைய ரிம்மின் அகலத்துக்கு அது சரியாக உட்காருமா என்பது தனிக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்குப் போகிற வண்டியென்றால் யோசிக்கலாம். ஐப்பசி மழையில் பொள்ளாச்சி போகிற வண்டிக்கு, அதே 185/60 சைஸில் மழைப்பிடிப்புக்குப் பெயர்போன நல்ல டயராகப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அகலத்துக்குக் கொடுக்கிற காசை ரப்பரின் தரத்துக்குக் கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ்காரரோ ஆர்டிஓவோ கேட்கவும் எதுவும் இருக்காது.

“ஸ்பிரிங் வேண்டாமுங்க” என்றார் மெக்கானிக் அடுத்து. அதற்கு அவர் விளக்கமே சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று மனைவியிடம் கேட்டார். “மூணு, ங்ணா. ஒண்ணுல இப்பவே அடி உரசுது.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தாழ்த்தினால் வண்டி வளைவில் கம்மியாகச் சாயும் என்பது உண்மைதான். ஆனால் 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி சாய்வதற்கு ஸ்பிரிங் காரணமாக இருப்பது அபூர்வம். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெடிப்பு. ஸ்ட்ரட் மவுன்ட்டில் தட்டல். பின்பக்க ஷாக் ஒன்றில் ஆயில் கசிவு. இவற்றை மாற்றினாலே வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். பலர் இதை அப்கிரேடாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாது, சத்தம் வராது, ஃபோட்டோ போட முடியாது. தேய்ந்த புஷ்ஷோடு புது ஸ்பிரிங் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது, தாழ்ந்த, இறுகிய, அப்போதும் தடுமாறுகிற வண்டி.

பிரேக்குக்கு வந்தபோது மெக்கானிக் பேச்சை நிறுத்திவிட்டு டீ சொன்னார். இந்தக் குடும்பம் வருடத்துக்கு இரண்டு முறை வால்பாறை போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்குப் பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்கு.

“கடைசியா பிரேக் ஆயில் மாத்துனது எப்போ?”

தெரியவில்லை. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. அதற்கு முன்னால் மாற்றினார்களா என்பதும் தெரியாது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் முன்சக்கர டிஸ்க்குகள் எக்கச்சக்கமாகச் சூடேறும். அந்தச் சூடு ஃப்ளூயிட்டுக்குப் போய், அது கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. எவ்வளவு விலையுயர்ந்த பிரேக் பேட் போட்டிருந்தாலும் இதற்குத் தப்ப முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சில நூறு ரூபாய் ஃப்ளூயிட்டும் ஒரு மணி நேர வேலையும்தான் தீர்வு. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் வழக்கமும் கூடவே வேண்டும்.

கணவரின் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. லிஸ்ட்டில் எழுதியதில் ஒன்றுகூட இதுவரை பேச்சுக்கு வரவில்லை. எழுதாததெல்லாம் வந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குக்கும் அது புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் இருபத்தெட்டு வயதுக்காரராக இருந்தவர்தானே. சட்டைப் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தார்.

எக்ஸாஸ்ட்டை முதலில் அடித்தார். இந்த இன்ஜினில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பிறகு வருகிற சைலன்சரை மட்டும் மாற்றினால் வருவது சத்தம்தான். பவர் வந்ததா என்று மீட்டர் வைத்துத் தேட வேண்டும். கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டால் கொஞ்சம் பவர் வரும், வண்டி புகைப் பரிசோதனையில் மாட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில் சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். மனைவியின் காரணம் வேறு. “ஸ்கூல் கேட்ல போய் டமார்னு வெடிச்சா, பசங்க எனக்குப் பேரு வெச்சிருவாங்க.”

ஏர் ஃபில்டர்? கம்பெனி ஃபில்டரே இந்த இன்ஜின் கேட்கிற காற்றைத் தாராளமாக விடுகிறது. டர்போ உறிஞ்சுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அது சிலருக்குப் பிடிக்கும். புழுதி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு, காற்றை அதிகம் விடுகிற ஃபில்டரைவிட தூசியைக் குறைவாக விடுகிற ஃபில்டர்தான் நல்லது. புது கம்பெனி ஃபில்டர் போதும்.

கடைசியாக, ரீமேப். உண்மையில் கணவரின் மனசு முழுக்க அங்கேதான் இருந்தது. அதில் அர்த்தமும் இருக்கிறது. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினை ரீமேப் செய்தால் கிடைப்பது சொற்பம். டர்போ இன்ஜின் கதை வேறு. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதிலிருக்கும் மென்பொருளை மாற்றினால், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பவர் ஏறும். இதே 1.0 டிஎஸ்ஐ இன்ஜினை அந்தக் கம்பெனியே 95, 110, 115 பிஎஸ் என்று வெவ்வேறு அளவில் விற்றிருக்கிறது. விர்ட்டஸிலும் டைகுனிலும் வருவது 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 ரீமேப்பில் 130க்கு மேல் பிஎஸ், 210க்கு மேல் நியூட்டன் மீட்டர் என்று ட்யூனர்கள் சொல்வது நம்ப முடியாத எண் அல்ல.

அப்படியானால் கம்பெனி ஏன் அதை விட்டுவைத்தது? தாராள மனசு இல்லாததால் அல்ல. மட்டமான பெட்ரோல், சித்திரை வெயில், மலையுச்சி, ஆயில் மாற்ற மறந்த ஓனர், கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர், இத்தனையையும் தாங்கி வாரன்டி காலத்தைக் கடக்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. ரீமேப் செய்கிறவர் அந்த இடைவெளியைத்தான் செலவு செய்கிறார். செலவு செய்யலாம், தப்பில்லை. எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

மெக்கானிக் பார்த்தார். மூன்று ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். முனை தேய்ந்து இடைவெளி விரிந்திருந்தது. டர்போ அழுத்தம் கூடினால் விரிந்த இடைவெளியில் பொறி தாண்ட முடியாமல் அணைந்துபோகும், வண்டி வெட்டி வெட்டிப் போகும். ரீமேப் போட்ட பிறகு ‘மேப் சரியில்லை’ என்று திட்டு வாங்குகிற ட்யூனர்களில் சிலர், உண்மையில் பழைய பிளக்குக்காகத் திட்டு வாங்குகிறவர்கள்.

அப்புறம் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டியை சத்தி ரோட்டுக்கு எடுத்துப் போனார். மூன்றாவது கியர், 1,800 ஆர்பிஎம், ரோடு காலி. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தார். டர்போ முழு டார்க் தருகிற நேரத்தில் டாக்கோமீட்டர் முள் ஒரு முறை மேலே எகிறி, பிறகுதான் வண்டி அதைப் பிடித்தது.

“பாத்தீங்களா அம்மிணி? முள்ளு முன்னாடி ஓடுது, வண்டி பின்னாடி வருது. கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிருச்சு. இப்போதைக்கு 175 தாங்குது. 215ன்னு போட்டா மூணு மாசத்துல ஊத்திக்கும்.”

ஒர்க் ஷாப்புக்குத் திரும்பியதும் கணவரிடமும் அதையே சொன்னார். ரீமேப்பின் விலையைக் கேட்கிறவர்கள் அதன் பின்னாலேயே வருகிற கிளட்ச்சின் விலையைக் கேட்பதில்லை. கிளட்ச் பிளேட், பிரெஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலி எல்லாம் சேர்ந்தால் ரீமேப் காசை நெருங்கிவிடும்.

இன்னொன்றும் சொன்னார், இது மனைவிக்கு. இந்த மாதிரி சின்ன டர்போ இன்ஜினை டாப் கியரில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓவர்டேக் பண்ண முழுசாக மிதிக்கக் கூடாது. குறைந்த வேகத்தில் அதிக அழுத்தம் சேரும்போது, தீப்பொறி அடிப்பதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனே உடைந்துபோகலாம். ரீமேப் செய்த வண்டியில் கீழ் ஆர்பிஎம் டார்க் இன்னும் கூடுவதால் இது இன்னும் முக்கியம். கம்பெனி சொல்கிற தரத்தில் ஆயில் ஊற்றுவது ஒரு பாதுகாப்பு. ஒரு கியர் இறக்கிவிட்டு மிதிப்பது இன்னொன்று, அதற்குக் காசே கிடையாது.

மனைவி கேட்டது இரண்டு கேள்வி. “ஒருவேள மேப் போட்டா எந்த பெட்ரோல் போடணும்ணா?” 95, 100 என்று எண் போட்டு விற்கிற விலை கூடிய பெட்ரோலுக்காக எழுதிய மேப்பை, சாதா பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் இன்ஜினில் நாக்கிங் வரும். ஈசியூ அதைக் கண்டுபிடித்துத் தீப்பொறியைப் பின்தள்ளும். பவர் போகும், சூடு ஏறும். 100 ஆக்டேன் லிட்டர் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். தினமும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வழியில் கிடைக்கிற பங்க்கில் கிடைக்கிறதைத்தான் ஊற்றுவார். ஆகவே எப்போது போட்டாலும் சாதா பெட்ரோலுக்கு எழுதிய மேப் மட்டும்தான். எண் கொஞ்சம் குறையும், நிம்மதி கொஞ்சம் கூடும்.

இரண்டாவது கேள்விக்கு மெக்கானிக் உடனே பதில் சொல்லவில்லை. “ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கொடுப்பாங்களா?”

கம்பெனி பதிவுசெய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. மென்பொருள் மாற்றம் வெளியே தெரியாது, போலீஸ்காரர் பார்த்துப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் கம்பெனி சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டினால் தெரிந்துவிடும். பெரிய விபத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் தோண்ட ஆரம்பித்தாலும் தெரியலாம். முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ட்யூனர்கள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு. கேட்டால் சொல்கிறவரிடமும், பழைய ஃபைலைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறவரிடமும், வேலைக்கு முன்னும் பின்னும் டைனோவில் ஓட்டி நாக்கிங் அளவைக் காட்டுகிறவரிடமும் மட்டும் போகலாம். ‘எல்லாருக்கும் இதே ஃபைல்தாங்க, அரை மணி நேர வேலை’ என்கிறவரிடமிருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்துவிடலாம்.

கணவர் எழுந்து போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, “என்ன செலவாகுமுங்க?” என்றார்.

நாலு டயர் 31,200. வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் 1,500. புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், பின்பக்க ஷாக் இரண்டும் கூலியோடு 13,400. பிரேக் ஃப்ளூயிட், முன்பக்க பேட் 6,200. பிளக், ஃபில்டர்கள் 4,700. மொத்தம் 57,000 ரூபாய். பில்லை மனைவிதான் கூட்டிப் பார்த்தார். மிச்சம் 33,000.

வண்டி புதன்கிழமை திரும்பி வந்தது. வெளியே பார்த்தால் எதுவுமே மாறவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “என்னண்ணா, மோடிஃபை பண்ணப் போறேன்னு சொன்னீங்க?” என்று கேட்டதில் கணவருக்குக் கொஞ்சம் வலித்தது உண்மை. ஞாயிறன்று ஆழியார் வரை தனியாக ஓட்டிப் போய்வந்தார். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு, ஸ்டீயரிங் எப்படி, வளைவில் எப்படி, பிரேக் எந்த இடத்தில் கடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். பவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மனைவி தோசை வார்த்துக்கொண்டே கேட்டார்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கிணத்துக்கடவு தாண்டி அதே இடத்தில் அதே தண்ணீர். மனைவி வேகத்தையும் குறைத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். வண்டி தண்ணீரை இரண்டு பக்கமும் இறைத்துவிட்டு நேராகப் போனது. பள்ளிக்கு வந்து கணவருக்கு ஃபோன் செய்து, “டயர் பரவால்லீங்க” என்றார்.

மிச்சம் 33,000 பீரோவில் கவரில் இருக்கிறது. கிளட்ச் முழுசாகப் போகிறபோது புது கிளட்ச்சும், அதோடு சாதா பெட்ரோலுக்கான மேப்பும், இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுத்தில் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்வது என்பது இருவருக்குமான உடன்படிக்கை. அதுவரை கவரைத் தொடக் கூடாது.

கணவர் இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் சத்தி ரோட்டுக்குப் போய், மூன்றாவது கியரில் போட்டு மிதித்துப் பார்க்கிறார். அப்படிச் சோதித்துச் சோதித்தே கிளட்ச்சைத் தேய்த்துவிடுவீர்கள் என்று மெக்கானிக் ஒரு தடவை திட்டியும் ஆயிற்று. முள் கொஞ்சம் எகிறுகிறது, வண்டி பிடித்துக்கொள்கிறது. “இன்னும் போகலை” என்று வீட்டுக்கு வந்து சொல்கிறார். சந்தோஷமாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்பது மனைவிக்கு இன்னும் பிடிபடவில்லை.